கடைசியாகச் சொல்பவர்

மேல்தளத்து விளக்குகள் எல்லாம் மறுபடி எரிந்த பிறகும், ஒருவர் மட்டும் அண்ணாந்த தலையைக் கீழே இறக்கவில்லை.

அவருக்கு நேர் பின்னால் நின்றிருந்ததால்தான் ரௌஷான் அதைக் கவனித்தாள். மற்றவர்கள் கழுத்தைத் தேய்த்துக்கொண்டும், கழற்றிப் போட்ட செருப்பைக் காலால் துழாவிக்கொண்டும், ஆட்டிறைச்சி வெந்த மணம் ஏறிவந்த படிக்கட்டுப் பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். அவர் மட்டும் ஈரம் பூத்த கம்பித் தடுப்பை இரண்டு கையாலும் பற்றியபடி, வாய் லேசாகத் திறந்திருக்க, விண்கலம் மறைந்துபோன கிழக்கு வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பெயர் தெமிர்கான். எண்ணெய்க் கிணறுகளில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். மனைவி ரய்சா அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"போதும், வாங்க. அது போய்ச் சேர்ந்தாச்சு. சூப் ஆறிடும்."

அவர் வந்தார். ஆனால் படியிறங்கும்போதும் முகம் மேலேயேதான் இருந்தது. கால்கள் மட்டும் ஒவ்வொரு படியையும் தேடித் தேடி இறங்கின.

அக்தாவ் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட அந்தச் சுற்றுலாக் கப்பலில் எல்லாரும் விண்கலம் பார்க்கவென்றே ஏறியவர்கள். கரையின் வெளிச்சமும் எண்ணெய் மேடைகளின் தீச்சுடரும் கண்ணுக்கு எட்டாத தூரம்வரை காஸ்பியன் கடலுக்குள் போய், அங்கே நங்கூரம் போட்டு நின்றுவிடும் கப்பல். சூரியன் இறங்கிச் சற்று நேரத்தில் மேல்தளத்து விளக்குகளை அணைப்பார்கள். கடல் கறுத்துக் கிடக்கும். ஆனால் மேலே, வெகு உயரத்தில், பகலின் வெயில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும். புல்வெளி ஏவுதளத்திலிருந்து புதிதாகக் கிளம்பிய கலம் அந்த மிச்ச வெயிலில் மின்னிக்கொண்டு, ஒரு வெளிச்சப் பொட்டாக, மேற்கிலிருந்து கிழக்கே ஓசையே இல்லாமல் கடந்துபோகும். நாத்தனார் மக்பாலுக்கு ஐம்பது வயது நிறைவதைக் கொண்டாட ரௌஷானின் குடும்பமும் வந்திருந்தது. மக்பால், அவள் மகள் தில்னாஸ், மக்பாலின் தம்பியும் ரௌஷானின் கணவனுமான தாநியார், ரௌஷான், பிறகு தில்னாஸின் வயதையொத்த அவர்களுடைய ஒரே பெண் அக்போத்தா.

அந்த முதல் மாலையில் வெளிச்சப் பொட்டு எழும்பியபோது, ரௌஷானின் வாய் தானாகவே சொல்லிவிட்டது: "என் நட்சத்திரம் உயரத்துல இருக்கு."

நட்சத்திரம் விழுவதைக் கண்டால் சொல்லும் சொல் அது. விழுந்தது வேறு யாருடைய உயிரோ, என்னுடையது இன்னும் மேலேதான் இருக்கிறது என்று சொல்லி வைத்துக்கொள்வது. நடக்கப் பழகும் முன்பே இந்தச் சொல்லைப் பழகிய வீடு ரௌஷானுடையது. தூசி விழுந்தால் இமை மூடுவதைப்போல, யோசனை வருவதற்குள் நாக்கு சொல்லி முடித்துவிடும்.

மக்பால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடியே, அது விழற நட்சத்திரம் இல்லடி! உள்ள மனுஷங்க உட்கார்ந்து போறாங்க. அவங்களச் சாகடிச்சுட்டு நீ நல்லா இருக்கணுமா?"

விருந்தை நடத்திக் கூட்டத்தைச் சிரிக்க வைப்பதற்கென்று கப்பலில் ஓர் அசாபா இருந்தான். ஜோமார்த் என்று பெயர். நெய் தடவிய குரல். ஒலிபெருக்கியை வாயருகே வைத்துக்கொண்டு உடனே பிடித்துக்கொண்டான்.

"அந்த வீட்டு மருமக சொன்னதுல என்னங்க தப்பு? மேல போறவன் பாட்டை அவன் பாத்துப்பான். நாம நம்மள பத்திரம் பண்ணிக்குவோம். எல்லாரும் சொல்லுங்க! கடைசியா சொல்ற ஆளு இன்னிக்கி எனக்கு ஜோடியா ஆடணும். அதுவும் என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே!"

இருட்டில் தளமே கத்தியது. கைக்குழந்தைகளுக்காகத் தாய்மார்கள் சொன்னார்கள். குடித்தவர்கள் இரண்டு முறை சொன்னார்கள். அக்போத்தா மட்டும் சாய்நாற்காலியில் சால்வைக்குள் தூங்கிப்போயிருந்தாள். கடைசியில் தெமிர்கான் ஒருவர்தான் பாக்கி.

"இயந்திரம்யா அது," என்றார். "இயந்திரத்துக்கு எதுக்கு இந்த மந்திரமெல்லாம்?"

ரய்சா கிள்ளியதும் அலுத்துக்கொண்டே சொன்னார். அவர் சொல்லி முடித்தபோது வெளிச்சப் பொட்டு சரியாகத் தலைக்கு மேலே இருந்தது. அது அங்கே ஒரு மூச்சு நேரம் நின்றுவிட்டு நகர்ந்ததுபோல ரௌஷானுக்குப் பட்டது. கண் கூசியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை உணவுக்கூடத்தில் தெமிர்கான் சாய்நாற்காலியில் கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ரய்சா பால் தேநீரைக் கரண்டியால் ஊட்ட, அது வாயோரத்தில் வழிந்து காதுக்குள் போயிற்று. கழுத்துப் பிடிப்பு, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று கப்பல் மருத்துவர் களிம்பு கொடுத்திருந்தார். அதன் கற்பூர நெடி கூடம் முழுக்க இருந்தது.

ரௌஷானின் மேசையில் அக்போத்தா பொரித்த பவுர்சாக் ரொட்டியைக் கேட்க முயன்றுகொண்டிருந்தாள். "ப... ப... ப..." சொல் தொண்டையில் சிக்கி, கழுத்து நரம்பு புடைத்து, கண் கலங்கிற்று. திக்குவாய் மூன்று வயதிலேயே வந்துவிட்டது. எதிரே தில்னாஸ் தன் கையிலிருந்த ரொட்டியைக் கடிக்காமல் காத்திருந்தாள். அவள் எப்போதுமே அப்படித்தான். அக்போத்தா சொல்லி முடிக்கும்வரை தானும் தின்னமாட்டாள், தானும் பேசமாட்டாள்.

"நீ பொத்திப் பொத்தி வெச்சதுலதான் நாக்கு கட்டிக்கிச்சு," என்றாள் மக்பால், ரௌஷானைப் பார்த்து. "இவ முதல் அடி வெச்சப்ப சடங்குக்குக் கால்ல கட்டின கயித்தை வெட்டிவிட்டது யாரு? நான். அன்னிலேருந்து நின்னாளா? மான் மாதிரி ஓடறா. நாக்குல கட்டினதையும் ஒருநாள் நானே வெட்டி விடறேன் பாரு."

"அண்ணி, அவளே சொல்லிடுவா. கொஞ்ச நேரம் குடுங்க."

ரௌஷான் அதைச் சொல்லிவிட்டுத் திரும்பியபோதுதான் தெமிர்கானின் கண்களைப் பார்த்தாள். அவை அசைந்துகொண்டிருந்தன. கூரையின் ஒரு மூலையில் தொடங்கி, வெள்ளைத் தகடுகளுக்குக் குறுக்கே, மின்விசிறியைத் தாண்டி, எதிர்மூலைக்கு, மெல்ல, ஒரே சீராக. பல்லியோ பூச்சியோ இல்லை. எதிர்மூலைக்குப் போய்ச் சேர்ந்ததும் தலை அப்படியே இருக்க, கண்மணிகள் மட்டும் கீழே சரிந்தன. தரைக்கும் அடியில், கடலுக்கும் அடியில், ஏதோ போய்க்கொண்டிருப்பதைப் பின்தொடர்வதைப்போல. ஓர் ஆட்டுத்தலை வேகும் நேரம், ஒன்றரை மணி, கழிந்திருக்கும். மேசைகளைத் துடைத்துவிட்டுப் போனார்கள். கண்கள் அதே முதல் மூலையில் மறுபடி எழும்பின.

அந்த மூலை மேற்கு.

இரண்டாம் மாலை, குழந்தைகளை விளையாட்டுக் கூடத்தில் விட்டுவிட்டுத்தான் பெரியவர்கள் மேலே போனார்கள். வாய் நிறைய முலாம்பழத்தோடு நின்ற ஒரு புதுமணப்பெண் கடைசியானாள். சாறு முகவாயில் ஒழுக, சிரிப்பும் விழுங்கலுமாக அவள் அந்தச் சொல்லைச் சொல்லி முடித்தபோது, வெளிச்சம் தலைக்கு மேலே நின்றது. இந்த முறை ரௌஷான் இமைக்காமல் பார்த்தாள். நின்றது. பிறகுதான் போயிற்று.

காலையில் உணவுக்கூடத்தில் இரண்டு முகங்கள் கூரையைப் பார்த்திருந்தன. ஒருவருக்கொருவர் முதுகு காட்டி, வெவ்வேறு மேசையில். இரண்டு பேரின் கழுத்தும் ஒரே நேரத்தில், நாவற்பழக் கொட்டையை மிதித்ததுபோன்ற ஒரு சிறு சொடுக்கோடு, மேற்கே திரும்பின.

ரௌஷான் கணவனை ஓரமாக இழுத்தாள். "கடைசியா சொன்ன ரெண்டு பேருக்கும்தாங்க இப்படி ஆச்சு. வேற யாருக்கும் ஒண்ணும் ஆகல. பாருங்க, அது போற பக்கமே பாக்கறாங்க."

தாநியார் பல்லிடுக்கில் சிக்கியிருந்த இறைச்சி நாரை நாக்கால் துழாவிக்கொண்டே கேட்டான். "மொத நாளு நீதானே சொன்னே. ஊரெல்லாம் சிரிச்சுது. இப்ப பேயும் ஓட்டப் போறியா?"

"போத்தாவ மட்டும் மேல அனுப்ப வேண்டாம்."

"சரி, சரி. அக்கா பொறந்தநாள் முடியறவரைக்கும் மூஞ்சிய இப்படி வெச்சுக்காதே. அது போதும்."

மூன்றாம் மாலை அவள் அக்போத்தாவோடு கீழே அறையிலேயே இருந்துகொண்டாள். வட்டச் சன்னலின் திரையை இழுத்துவிட்டு, மகளின் தலையை மார்போடு சேர்த்துக்கொண்டு படுத்தாள். இயந்திர அறையின் அதிர்வு கட்டில் சட்டத்தின் வழியாகப் பல்லுக்கு வந்தது. டீசல் வாடையும் ஈரக் கயிற்றின் வாடையும் காற்றுத்துளை வழியாக இறங்கின. தலைக்கு மேலே நூறு கால்கள் நகரும் தடதடப்பு. பிறகு எல்லாம் அடங்கி, பெரிய மிருகம் மூச்சை இழுத்துப் பிடித்ததுபோல ஓர் அமைதி. பிறகு கத்தல். கத்தல் ஓய்ந்த பிறகு, ஒரே ஒரு ஆண்குரல் தனியாக. அதன் பின்னே எழுந்த சிரிப்பு.

"அ... அம்மா, யா... யாரு கடைசி?"

"தெரியல கண்ணு. தூங்கு."

விருந்துகளில் தொம்பரா என்னும் நரம்பு வாத்தியம் வாசிக்கும் இளைஞன் அது என்று காலையில் தெரிந்தது. நரம்பை முறுக்கேற்றிக்கொண்டிருந்ததில் கவனிக்கத் தவறிவிட்டானாம். இப்போது மூன்று நாற்காலிகளையும் மேல்தளத்துப் படிக்கட்டருகே, நிழலில், வரிசையாகப் போட்டிருந்தார்கள். தொம்பரா அவன் மடியிலேயே இருந்தது. விரல் ஒரே நரம்பை, ஒரே இடத்தில், தட்டிக்கொண்டே இருந்தது.

யாரும் பயப்படவில்லை. கடற்காற்றுக் காய்ச்சல் என்றார் மருத்துவர். அக்தாவில் இறங்கியதும் பெரிய மருத்துவமனை இருக்கிறதே என்றார்கள் மற்றவர்கள். பிறகு, பழகிவிட்டது. அவர்களுக்குக் கடிகாரங்கள் என்று பெயர் வைத்தான் ஜோமார்த். "இனிமே நேரம் பாக்க வேண்டாமுங்க. கடிகாரம் மூணும் மேற்கே திரும்பினா, ஓடி வாங்க மேல!" குழந்தைகள் தெமிர்கானின் நெற்றியில் ஒரு வேர்க்கடலையை நிற்க வைத்தார்கள். தலை திரும்பும்போது அது விழுமா விழாதா என்று பெரியவர்களும் கூடி நின்று பார்த்தார்கள். விழவில்லை. அவ்வளவு மெதுவாகத் திரும்பியது தலை. கைதட்டினார்கள். ரய்சாவும் கூட, என்ன செய்வதென்று தெரியாமல், கொஞ்சம் சிரித்தாள்.

ரௌஷான் ஜோமார்த்தைத் தேடிப் பிடித்தாள். சமையலறை வாசலில் நின்று ஷுபத் குடித்துக்கொண்டிருந்தான். ஒட்டகப்பால் நுரை மீசையில் வெள்ளையாக இருந்தது.

"தம்பி, இன்னிக்கி ஒருநாள் அந்த விளையாட்டு வேண்டாமே."

"ஆரம்பிச்சதே நீங்கதானே அக்கா!"

"அப்ப என் பொண்ணுக்கும் சேத்து நான் சொல்லிடறேன். அவளுக்கு வாய் திக்கும்."

"பால் குடிக்கிற புள்ளைக்குத்தான் தாய் சொல்லலாம். உங்க பொண்ணு பல்லு மொளைச்சு விழுந்து மறுபடி மொளைச்ச ஆளாச்சே. திக்கினா என்ன? கூட்டத்துக்கு இன்னும் குஷிதான்."

வாயைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

ரௌஷான் மனதுக்குள் ஒழுங்காக அடுக்கிக்கொண்டாள். மகளை அறையைவிட்டு வெளியே விடக் கூடாது. அதையும் மீறி மேலே போக நேர்ந்தால், தான் கூடவே நிற்க வேண்டும். எல்லாரும் சொல்லட்டும். போத்தாவும் எவ்வளவு நேரம் எடுத்தாலும் சொல்லி முடிக்கட்டும். அதுவரை தான் வாயைத் திறக்கக் கூடாது. கடைசி ஆள் தானாக இருந்துவிட்டால் போதும். அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டிருப்பது என்ன பெரிய காரியம்?

பிறந்தநாள் விருந்து பகலிலேயே நடந்து முடிந்தது. சாயங்காலம் மகளை அறையில் விட்டு, "அம்மா தவிர யாரு தட்டினாலும் தெறக்காதே," என்று சொல்லிவிட்டு, சுடுதண்ணீர் வாங்கிவர வெளியே வந்தாள். இடைவழியில் ரய்சா நின்றிருந்தாள். தெமிர்கானைக் கழிப்பறைக்குக் கூட்டிவந்தவள் அவரை நகர்த்த முடியாமல் தவித்தாள்.

"ஒரு கை குடும்மா. இரும்பாட்டம் கனக்கறாரு."

மறுக்க மனம் வரவில்லை. ஒரு பக்கமாகத் தோளைக் கொடுத்தாள். ஆகஸ்டு மாதத்துப் புழுக்கத்தில் எல்லார் முதுகிலும் வியர்வை ஊறிக்கொண்டிருக்க, அவர் உடம்பு கிணற்றடிக் கல்லைப்போலக் குளிர்ந்திருந்தது. உதட்டில் மாவு பூசியதுபோன்ற வெளுப்பு. அவரிடமிருந்து வந்தது மனித வாடையே இல்லை. காய்ச்சிய இரும்பை ஆறவிட்ட வாடை.

"ஐயா, நான் பேசறது கேக்குதா?"

முகம் இடைவழிக் கூரையைப் பார்த்திருந்தது. உதடுகள் மட்டும் அசைந்தன.

"கேக்குது பொண்ணே. கப்பல்தான் ரொம்பச் சின்னதா தெரியுது."

ரௌஷானின் கை நழுவிற்று.

"எங்கேருந்து பாக்கறீங்க?"

கழுத்தில் சொடுக்கு. தலை மேற்கே திரும்பியது.

அவள் ஓடினாள். அறைக் கதவு திறந்து கிடந்தது. கட்டிலில் தலையணையில் மகளின் தலை அமுங்கிய பள்ளம். புது வெல்வெட் சட்டை மாட்டியிருந்த கொக்கி காலி. எதிர் அறையிலிருந்து தாநியார் டையைச் சரிசெய்துகொண்டே வெளியே வந்தான்.

"அக்கா வந்து தட்டிச்சு. கூட்டிட்டுப் போச்சு. நாலு பேரு முன்னாடி சத்தமா கத்தினா நாக்கு அவுந்துடும்னுது. நல்லதுதானே, ரௌஷான்? எத்தனை நாளைக்கு..."

மீதியை அவள் கேட்கவில்லை. படிகள். இரும்புப் படிகள். ஈரம். ஒரு செருப்பு கழன்றது. மேலே விளக்குகள் அணைந்த ஓசை, ஒரே சொடுக்கு, ஒரே இருட்டு. அமைதி. பெரிய மிருகம் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டது.

வாயை மூடிக்கொள். வாயை மூடிக்கொள். அவ்வளவுதான் செய்ய வேண்டியது.

படிக்கட்டின் தலைமாட்டில் கதவு திறந்திருந்தது. கதவுச் சதுரத்துக்குள் வானம். வானத்தின் அடிவிளிம்பில் அது, வெள்ளையாக, எழும்பிக்கொண்டிருந்தது.

"என் நட்சத்திரம் உயரத்துல இருக்கு."

யார் சொன்னது என்று அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. அது அவளுடைய குரல்.

கை வாயைப் பொத்தியது. நேரம் கடந்துவிட்டது. வாழ்நாள் முழுக்கச் சொன்ன சொல். யோசனை வருவதற்குள் நாக்கு முடித்துவிட்டது.

"ஆஹா, இன்னிக்கும் மொத ஆளு நம்ம மருமகதான்!" என்றது ஒலிபெருக்கி. தளம் சிரித்தது. பிறகு எல்லாரும் கத்தினார்கள். வலமும் இடமும், அலையலையாக, ஆயிரம் நட்சத்திரங்கள் உயரத்தில் இருந்தன. ரௌஷான் முதுகுகளைத் தள்ளினாள். முழங்கைகள். வியர்வை, வெங்காயம், வாசனைத் தைலம். யாரோ காலை மிதித்தார்கள்.

கத்தல் தணிந்தது.

"யாரு பாக்கி? யாரு பாக்கி?"

நடுவில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் இரண்டு குழந்தைகள். மக்பால் பின்னால் குனிந்து அக்போத்தாவின் தோள்களைப் பிடித்திருந்தாள். தில்னாஸ் அக்போத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, உதடுகளை இறுக்கி மூடியிருந்தாள். வழக்கம்போலக் காத்திருந்தாள்.

"எ... எ... என் ந... ந..."

"ந-ந-ந!" கூட்டத்தில் ஒருவன் பழித்துக் காட்டினான். சிரிப்பு. "ரெண்டு கடிகாரம்! ரெண்டு கடிகாரம்!"

வெளிச்சம் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது.

"அட, தில்னாஸ், நீ சொல்லித் தொலைடி!" என்றாள் மக்பால். "உன்னப் பாத்து அவ சொல்லட்டும். சொல்லு!"

தில்னாஸ் தாயைப் பார்த்தாள். அக்போத்தாவைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

ரௌஷான் இருட்டில் பின்னாலிருந்து அந்த வாயைப் பொத்தினாள்.

யோசிக்கவில்லை. கை போயிற்று. சின்ன முகம். முழு முகமும் ஒரு உள்ளங்கைக்குள் அடங்கிற்று. குழந்தை திமிறவில்லை. யார் கை என்று மணத்திலேயே தெரிந்துகொண்டிருக்க வேண்டும். அசையாமல், நம்பிக்கையோடு நின்றாள்.

சொல்லு போத்தா. சொல்லு என் கண்ணே. சீக்கிரம்.

"ந... நட்..."

அப்போது உள்ளங்கையில் உதடுகள் அசைந்தன. வெதுவெதுப்பாக. ஈரமாக. ஒவ்வொரு சொல்லாக. தாய் சொன்னதைத் தட்டாத குழந்தை. ரௌஷான் இறுக்கினாள். பற்கள் கையில் பதிந்தன. இன்னும் இறுக்கினாள். உதடுகள் நிற்கவில்லை. கடைசிச் சொல்வரை போய், மூடிக்கொண்டன.

வெளிச்சம் தலைக்கு மேலே வந்து நின்றது.

"என் நட்சத்திரம் உயரத்துல இருக்கு."

திக்கல் இல்லை. தடை இல்லை. பனிக்கட்டியில் கத்தியால் கீறியதுபோல, அக்போத்தாவின் குரல்.

தளம் வெடித்தது. மக்பால் அழுதேவிட்டாள். "சொன்னேனா இல்லையா! வெட்டிட்டேன்! கயித்தை நான்தான் வெட்டினேன்!" யாரோ மிட்டாய்களைப் பிடிப்பிடியாக அள்ளி வீசினார்கள். அவை இரும்புத் தரையில் ஆலங்கட்டிபோலத் தெறித்தன. தாநியார் எங்கிருந்தோ பாய்ந்து வந்து மகளைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டான்.

விளக்குகள் எரிந்தன.

தில்னாஸ் தலையைக் கீழே இறக்கினாள். புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் ஐந்து விரல்களின் தடமும் சிவந்திருந்தது.

"மாமி," என்றாள் தணிந்த குரலில், "நான் அவளுக்கு முன்னாடியே சொல்லிட்டேனே."

ரௌஷான் தாநியாரின் தோளைப் பார்த்தாள். வெல்வெட் சட்டை. வெல்வெட் சட்டைக்கு மேலே முகவாய். முகவாய்க்கு மேலே ஒன்றும் தெரியவில்லை.

தலை இறங்கவில்லை.

கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு போய், தொங்கிய காலைப் பிடித்தாள். கிணற்றடிக் கல்.

"போத்தா. கீழ பாரு. அம்மாவப் பாரு."

படிக்கட்டருகே இரண்டு கழுத்துகள் சொடுக்கிட்டன. இன்னொன்றும், அவள் காதுக்குப் பக்கத்திலேயே. யாரோ இன்னொரு நாற்காலியைத் தரையில் தேய்த்து இழுத்து வரும் ஓசை. அண்ணாந்த முகத்தில் கண்கள் கிழக்கே போய்ச் சேர்ந்து, பிறகு மெல்லச் சரிந்து, தாயின் முகத்தைத் தாண்டி, தளத்தைத் தாண்டி, கடலுக்கு அடியில் இறங்கின.

"பாத்துட்டுத்தான் இருக்கேன்மா," என்றாள் அக்போத்தா. "நீ ரொம்பச் சின்னதா இருக்கே."

எல்லாரும் கைதட்டினார்கள். அவள் இவ்வளவு தெளிவாகப் பேசி அதுவரை யாரும் கேட்டதில்லை.